கைதட்டு வாங்கிய கேள்வி

மெக்கானிக்கைப் போன வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். இந்த வாரமும் அவர் அங்கேதான் இருக்கிறார். வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேச்சும் போய்விட்டது. கண்கள் மட்டும் வருகிற போகிற எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில் கீழும் மாடியுமாகக் குடியிருக்கிற இரண்டு ஓரகத்திகளின் கதை இது. கீழே பெரியவள், மாடியில் சின்னவள். சின்னவளின் கணவர்தான் இந்த லிஃப்ட் மெக்கானிக். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் மேல் அறை வாசலில் அவர் பக்கவாதம் வந்து விழுந்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம்.

பெரியவள், பிள்ளைகள் தலையெடுத்து வெளியே போன பிறகு, சும்மா உட்கார மனமில்லாமல் ஹெல்த் கோச் படிப்பில் சேர்ந்தவள். அது என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவளே விளக்கம் சொல்வாள். மருந்து எழுதுவது டாக்டர் வேலை, எழுதியதை மனுஷன் ஒழுங்காகச் சாப்பிட்டு, நடந்து, தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்ளத் துணை நிற்பது கோச் வேலை என்பாள். நன்றாகத்தான் சொல்வாள்.

வீட்டில் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை இதுவரை உங்களிடமும் நான் சொல்லவில்லை. இனிமேல் தள்ளிப்போட முடியாது.

காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். சின்னவள் எழுந்து நின்றாள். அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். பதற்றம் வந்தால் கை எதையாவது அளக்க ஆரம்பித்துவிடும். அன்றும் கட்டில் விரிப்பின் ஓரத்தைச் சாண் சாணாக அளந்துகொண்டே டாக்டர் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி பிரஷர் மாத்திரை போட்டுட்டு இருந்தாரா?"

"போட்டாரு டாக்டர்."

"ஒழுங்காவா? நடுவுல விட்டுட்டாரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு நாள் தவறினதில்ல. காலையில நானே உள்ளங்கையில வெச்சு, தண்ணியும் கையில குடுப்பேன். அதுக்கப்புறம்தான் நான் மிஷின்லயே உக்காருவேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இந்தச் சில நாட்களில் பெருமைப்பட அவளுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"அப்படின்னா அந்த மாத்திரை இவருக்குப் பத்தல" என்றார் டாக்டர். "டோஸைக் கூட்டறேன். கூட இன்னொண்ணும் சேக்கறேன். சாயங்காலம் எழுப்பி உக்கார வெச்சுப் பாக்கலாம்."

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த பெரியவள் வாயைத் திறந்தாள். மெக்கானிக்கின் கண்கள் மெல்ல அவள் பக்கம் திரும்பின. அவள் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"அக்கா, நீங்க இதெல்லாம் படிச்சவங்க. அவர் சொல்றது சரியாத்தானே இருக்கும்?"

"சரியா இருக்கும்" என்றாள் பெரியவள்.

அவள் அப்படிச் சொன்னாள், நான் எழுதிவிட்டேன். ஆனால் அந்த இரண்டு வார்த்தைகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"இன்னிக்கு உங்க கிளாஸ் விஷயமா எங்கயோ போகணும்னீங்களே. போய்ட்டு வாங்க" என்றாள் சின்னவள். "நீங்க இருக்கற தைரியத்துலதான் அக்கா நான் நிக்கறேன்."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் பெரியவள் வெளியே பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

குடும்பத்தில் அவளுக்கு 'அட்வைஸ் அண்ணி' என்று ஒரு பெயர் உண்டு. வைத்ததும் இந்த மெக்கானிக்தான். யாராவது இரண்டு முறை தும்மினால் போதும், வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி வைத்தியம் சொல்வாள். அவள் பேச ஆரம்பித்தால் ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்து நழுவிவிடுவார்கள். அவளும் விடமாட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போவாள்.

படிப்பில் சேர்ந்ததும் முதலில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே வாயை மூடத்தான். அறிவுரை சொல்லாதே, கேள்வி கேள், கேட்டுவிட்டு எதிரில் இருப்பவர் பேசும்வரை பொறு. பெரியவளுக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகியது. பழகப் பழக அவளுக்கே தன்னைப் பிடித்துப்போனது. "அந்த டீச்சர் இருக்கற திசைக்கு ஒரு கும்பிடு" என்றார் அவள் கணவர். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

பயிற்சிக்கு உண்மையான ஆள் ஒருவரை வைத்துப் பேச வேண்டும், அவர் அனுமதியோடு பதிவு செய்து வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும். சொந்தக்காரர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. பெரியவளுக்கு வெளியாள் யாரும் அகப்படவில்லை.

"என்னைப் போட்டுக்குங்க அண்ணி" என்றார் மெக்கானிக். "என் உடம்புல இருக்கற கோளாறு உங்க கிளாஸ் மொத்தத்துக்கும் போதும்."

வகுப்பில் கேட்டபோது, தெரிந்தவர் ஒருத்தர் என்று சொல்லிவிட்டாள்.

மாடியில் உட்கார்ந்து பேசினார்கள். சாப்பாடு, தூக்கம் என்று போய்க்கொண்டிருந்த பேச்சின் நடுவில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அதைச் சொன்னார்.

"பிரஷர் மாத்திரை போட்டா தலை சுத்துது அண்ணி. லிஃப்ட் குழிக்குள்ள எட்டிப் பாக்கறவனுக்குத் தலை சுத்தினா என்ன ஆகும்? அதான் நிறுத்திட்டேன். மாசக் கணக்காச்சு. அவ கையில குடுப்பா. நான் வாய்க்குக் கொண்டு போற மாதிரி கொண்டு போய் சட்டைப் பையில போட்டுக்குவேன்."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

பழைய அட்வைஸ் அண்ணியாக இருந்தால் கூரை பிய்ந்திருக்கும். வார்த்தை நுனி நாக்குவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, படித்த மாதிரியே நிதானமாகக் கேட்டாள்.

"மாத்திரையை நிறுத்தினது உங்களுக்குள்ள எப்படி இருக்கு?"

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அவளும் பொறுத்தாள். "நிம்மதியாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "அப்படித்தான்னு நினைக்கறேன்." பிறகு பேச்சு காலை நடைக்குப் போய்விட்டது.

வகுப்பில் பதிவைப் போட்டபோது டீச்சர் சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார். "பாருங்க, அறிவுரை சொல்ல எவ்வளவு வாகான இடம். இவங்க சொல்லல. கேட்டாங்க, காத்திருந்தாங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வயதில் கைதட்டு வாங்குவது லேசுப்பட்ட விஷயமா?

அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவர்கூட, ஒரு மனிதர் மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார் என்பதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லார் காதிலும் விழுந்தது அவள் கேட்ட கேள்விதான். ஆபத்து என்று தோன்றினால் கோச் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்ற பாடமும் அதே அறையில்தான் நடந்தது. எல்லாரும் அதைப் படித்தவர்கள்தான். எனக்கு இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போது அவள் போய்க்கொண்டிருப்பது ஒரு மனநல ஆலோசகரிடம். படிப்பில் இதுவும் ஒரு கட்டாயம். மாணவர்கள் ஒவ்வொருவரும் வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் போய்த் தங்கள் மனசைத் திறந்து பேசிவர வேண்டும். அடுத்தவர் பாரத்தைக் கேட்கப் போகிறவர் தன் பாரத்தை எங்கேயாவது இறக்கி வைக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது டீச்சரின் கட்சி. "எனக்கென்ன வந்துச்சு, கல்லு மாதிரி இருக்கேன்" என்று பெரியவள் இத்தனை நாளும் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் விழுந்த பிறகு வகுப்பில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வராம அடுத்த கிளாஸுக்கு வராதீங்க" என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கண்ணாடிக் கடைக்கு மேலே சின்ன அறை. இரண்டு நாற்காலி, கிறீச்சிடும் ஒரு ஃபேன். ஆலோசகருக்கு அவள் மூத்த மகன் வயதுதான் இருக்கும். நல்ல ஜலதோஷம் வேறு. கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் ஆவி பிடிக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

"சொல்லுங்கம்மா. தூக்கம் எப்படி இருக்கு?"

"தூக்கமா" என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. கொழுந்தன் விழுந்த நாளிலிருந்து கண் மூடாதது, சட்டைப் பை, அவள் கேட்ட கேள்வி, கைதட்டு, இன்று காலை டாக்டர் டோஸைக் கூட்டியது, சின்னவள் தன்னைத் தைரியம் என்று சொன்னது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவர் குறுக்கே பேசவில்லை.

"நீங்களே சொல்லுங்க தம்பி. ஓரகத்திகிட்ட நான் இதைச் சொல்லணுமா, வேண்டாமா?"

"சொன்னா என்ன ஆகும்னு நினைக்கறீங்க?"

பெரியவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்கிட்ட இந்த மாதிரி கேக்காதீங்க. இதெல்லாம் எனக்கும் கேக்கத் தெரியும். கேட்டுத்தான் ஒரு மனுஷனைப் படுக்க வெச்சிருக்கேன்."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, நான் கேக்கல. இன்னிக்குக் கூட்டின டோஸைக் குடுத்துட்டாங்களா?"

"குடுத்திருப்பாங்க."

"அவர் மாத்திரையே போடாம இருந்தாருன்னு அந்த டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இது மனசு விஷயம் இல்லம்மா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பெரியவள் அவரையே பார்த்தாள். இவ்வளவு சின்ன வாக்கியம். டாக்டரிடம் சொல்லுங்கள். மாடியில் அன்று அவள் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு மூச்சுக்கூட ஆகியிருக்காது.

ஆஸ்பத்திரி எண்ணை யாரும் எடுக்கவில்லை. சின்னவளைக் கூப்பிட்டாள். எடுத்ததும் அழுகைதான் கேட்டது.

"அக்கா, எக்ஸர்சைஸ் சொல்லிக்குடுக்கறவர் சீக்கிரமே வந்துட்டாரு. இவரை எழுப்பி உக்கார வெச்சாரு. அப்படியே சரிஞ்சுட்டாருக்கா. கண்ணு மேல போயிடுச்சு."

"டாக்டர்கிட்ட போனைக் குடு. சீக்கிரம் குடு."

"எல்லாரும் கட்டிலைச் சுத்தி நிக்கறாங்க. என்னை வெளிய போகச் சொல்றாங்க."

இணைப்பு அறுந்துவிட்டது. பெரியவள் படியில் இறங்கும்போது ஆலோசகர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க திரும்ப வரணும். தூக்கத்துக்கு நீங்களும் ஒரு டாக்டரைப் பாக்கணும்" என்றார். அவள் அதற்குள் தெருவில் இறங்கி டாக்சிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

வார்டில் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. பெரியவள் யாரையும் கேட்காமல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மெக்கானிக்கின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நர்ஸ் கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்திக்கொண்டிருந்தாள். டியூட்டி டாக்டர், இளம் பெண், பிரஷர் கருவியைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். ஒரு ஓரமாகச் சின்னவள், கணவரின் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர், அவர் பிரஷர் மாத்திரை போடல."

"காலையில நர்ஸ் குடுத்தாங்களே."

"இதுக்கு முன்னாடி. மாசக் கணக்கா போடல. நிறுத்திட்டாரு."

டாக்டர் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் பெரியவளைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட சொன்னாரு."

"இதைக் காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதா? போட்டும் அடங்காத பிரஷர்னு நினைச்சுத்தானே இவ்வளவு டோஸ் குடுத்தோம். அது பிரஷரை ஒரேயடியா இறக்கிடுச்சு." கோபம் காட்ட அவளுக்கு நேரமில்லை. புது மாத்திரைகளை நிறுத்தச் சொன்னாள், பெரிய டாக்டருக்குச் சொல்லி அனுப்பினாள், டிரிப்ஸைக் கொஞ்சம் வேகமாக விட்டாள். கொஞ்ச நேரத்தில் எண் ஏற ஆரம்பித்தது. முகத்தில் மெல்ல நிறம் வந்தது.

"பிரஷர் வந்துடுச்சு. ஆனா இறங்கின நேரத்துல மூளைக்கு ரத்தம் குறைஞ்சிருக்கும். புதுசா ஏதாவது சேதம் ஆயிருக்கான்னு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்" என்றாள் டாக்டர்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு இரும்பு பெஞ்ச். ஒரு முனையில் சின்னவள், மறு முனையில் பெரியவள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"எப்ப சொன்னாரு?" என்றாள் சின்னவள்.

"என் கிளாஸுக்காகப் பேசினோமே, மாடியில. அன்னிக்கு. நீ குடுக்கற மாத்திரையைச் சட்டைப் பையில போட்டுக்கறேன்னாரு."

"நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். பதிவுல சத்தம் விழக்கூடாதுன்னு மிஷினை நிறுத்திட்டுச் சும்மா உக்காந்திருந்தேன்."

"தெரியும்."

"நீங்க என்ன சொன்னீங்க அவருக்கு?"

"எதுவும் சொல்லல. ஒரு கேள்வி கேட்டேன்."

"என்ன கேள்வி?"

பெரியவள் சொன்னாள். வகுப்பில் கைதட்டு வாங்கிய கேள்வி அந்த நடைபாதையில் கேட்கச் சகிக்கவில்லை. சின்னவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

"நிம்மதியா இருக்குன்னாரு."

"நம்பிட்டீங்களா?"

பெரியவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நான் குழம்புல உப்பு ஒரு கல்லு கூடப் போட்டா மாடிப்படி ஏறி வந்து திட்டுவீங்க. ஈரத் தலையோட படுத்தா எழுப்பி உக்கார வெப்பீங்க. எத்தனை நாள் உங்க மேல எரிச்சலா வந்திருக்கு தெரியுமா? அன்னிக்கு மட்டும் அந்த வாயை எங்கக்கா வெச்சுட்டு வந்தீங்க?"

"சொல்லக் கூடாதுன்னு படிச்சேன்மா. நல்லா படிக்கணும்னு நினைச்சேன்."

அது உண்மைதான். அதைவிடக் கேவலமான ஒரு பதில் தன் வாழ்நாளில் தன் வாயிலிருந்து வந்ததில்லை என்று பெரியவளுக்கே தெரிந்தது.

சின்னவள் அழவில்லை. சட்டையை மடியில் வைத்து, பையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"என்கிட்ட மறைச்சாரு, அது எனக்கும் அவருக்கும் இருக்கற கணக்கு. அதை நான் அவர்கிட்ட கேட்டுக்கறேன். ஆனா உங்ககிட்ட ஏன் சொன்னாருன்னு யோசிச்சீங்களா?"

"மனசுல வெச்சுக்க முடியாம சொல்லியிருப்பாரு."

"இல்லக்கா. ஒரு விஷயம் இந்த வீட்டுல நாலு பேருக்குத் தெரியணும்னா அண்ணி காதுல போட்டாப் போதும்னு அவரே சொல்லிச் சிரிப்பாரு. மறைக்க நினைக்கறவர் உங்ககிட்டயா வந்து சொல்லுவாரு? அவருக்குப் பயம் வந்திருக்கு. தானா போய் டாக்டர்கிட்ட நிக்க வெக்கம். என்கிட்ட சொன்னா வேலையை விடச் சொல்லுவேன். நீங்க கத்துவீங்க, என்கிட்ட வந்து போட்டுக் குடுப்பீங்க, ரெண்டு பேருமா சேந்து அவரை இழுத்துட்டுப் போவோம்னுதான் சொல்லியிருக்காரு." அவள் குரல் அங்கே உடைந்தது. "உங்க வாயை நம்பித்தான் சொன்னாருக்கா."

அன்று மாடியில் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தாரே, அது எதற்கு என்று பெரியவளுக்கு இப்போது புரிந்தது. அந்த நீண்ட மௌனத்தில் அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த மனிதருக்கு அவள் ஒரு நல்ல கேள்வியைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. டியூட்டி டாக்டர் எட்டிப் பார்த்து, "ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க" என்றாள். அவள் முகத்திலிருந்து நல்லதா கெட்டதா என்று ஒன்றும் தெரியவில்லை.

பெரியவளும் எழுந்தாள். சின்னவள் கையை நீட்டி அவளைத் தடுத்தாள். அதே நேரத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியவளின் கணவர், தம்பி சரிந்த செய்தி கேட்டு வேலையிலிருந்து அப்படியே கிளம்பி, மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்.

"மாமா வர்றாரு. தம்பிக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாரு" என்றாள் சின்னவள். "சொல்லுங்க."

அவள் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

"என்னடி ஆச்சு? ஏன் திடீர்னு ஸ்கேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் அவர்.

பெரியவள் அவர் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள். பக்கத்தில் உட்காராமல் அவருக்கு எதிரே நின்றுகொண்டாள்.

"உங்க தம்பி என்கிட்ட ஒண்ணு சொன்னாரு. நான் வாயைத் திறக்கல" என்றாள்.